பதிமூன்று மைலும் ஒரு நோன்பும்

பெரியநாயக்கன்பாளையம்
13-2-1964

அன்பு மகள் ராமாமணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் தம்பி அரங்கசாமியும் இங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். டில்லியில் குளிர் விட்டதா, ஆஸ்பத்திரியில் உனக்கு இன்னும் ராத்திரி வேலைதானா என்று தெரியாமல் மனசு அங்கேயே கிடக்கிறது. பொங்கலுக்குப் பிறகு நீ போட்ட இரண்டு காகிதமும் கிடைத்தன. பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே கண்ணு. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் உன் தம்பியின் ஓட்டம். அதில் நானும் ஒரு பிசகு செய்துபோட்டேன். உன்னிடம் சொன்னால்தான் ஆறும்.

மேட்டுப்பாளையம் ரயிலடியில் கிளம்பி, காரமடை, நம் ஊர் எல்லாம் தாண்டி நரசிம்மநாயக்கன்பாளையம் வரைக்கும் பதிமூன்று மைல் ஓட்டப் பந்தயம் என்று தொழிலாளர் சங்கத்தார் நோட்டீஸ் போட்டிருந்தார்கள். முதல் மூன்று பேரை மெட்ராஸில் நடக்கும் பெரிய ஓட்டத்துக்கு அனுப்புவதாகவும் அதில் இருந்தது. அரங்கசாமியும், பம்பு பட்டறையில் அவனுக்குப் பக்கத்து லேத்தில் வேலை பார்க்கும் பீர் முகம்மதுவும் பெயர் கொடுத்தார்கள். பீரை நீ பார்த்ததில்லை. ஒல்லியாக, அதிகம் பேசாத பையன், பின் வீதியில் அவன் அம்மா ஆமினா பீவியோடு இருக்கிறான். பட்டறை வாட்ச்மேன் சென்னியப்பன் பட்டாளத்தில் ஓடிப் பழகியவர், அவர்தான் இருவரையும் தயார் செய்தார். மார்கழி முழுக்க விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிப் போய் வருவார்கள். எனக்கு இதெல்லாம் புதிது அல்லவா, பார்க்கப் பார்க்கக் கேள்வியாக வந்தது. காய்ந்த பனியனில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும், நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. இவ்வளவு உப்பு உடம்பில் எங்கே இருந்தது? அரங்கசாமி கான்வாஸ் ஷூ போட்டு ஓடினான், காலெல்லாம் கொப்புளம். பீர் வெறுங்காலோடு ஓடினான், ஒரு கீறல் இல்லை. அது எப்படி? இன்னொன்று, பந்தயம் நெருங்க நெருங்க அதிகம் ஓடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். சென்னியப்பன் கடைசி மூன்று வாரத்தில் பத்து மைலை எட்டாக்கி, எட்டை ஐந்தாக்கிக்கொண்டே வந்தார். கேட்டதற்கு, “இனிமே ஓடி ஒண்ணும் சேராதுங்க டீச்சரம்மா, சேர்ந்தது செலவாகாம பாத்துக்கோணும்” என்றார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. அப்பா மட்டும், சும்மா இருப்பதற்கு ஒரு வாத்தியாரா என்று சிரித்தார்.

அந்த மூன்று வாரம் தொடங்கிய சமயத்தில்தான் பீர் வீட்டாருக்கு ரம்ஜான் நோன்பு பிறந்தது. விடியுமுன்னே சாப்பிட்டால் பிறகு பொழுது சாய்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் கிடையாது. முதல் இரண்டு நாள் பீர் காலையிலேயே ஓடிவிட்டு வேலைக்குப் போனான். இரண்டாம் நாள் மத்தியானம் லேத்துக்கு முன்னாலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டானாம். அதற்கப்புறம் இருவரும் வேலை விட்டு வந்து சாயங்காலம் ஓடினார்கள். ஓடி முடிக்கவும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லவும் சரியாக இருக்கும். சரி, வழி கிடைத்தது என்று இருந்தேன். ஆனால் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு. அந்த ஒரு நாளைக்கு மட்டும் நோன்பை விட்டுவிடச் சொல்லி அரங்கசாமி அவனிடம் கேட்டிருக்கிறான். அவன் முடியாது என்றிருக்கிறான். உன் தம்பி வாய் உனக்குத் தெரியுமே, “அப்ப நடு ரோட்டுல விழுந்து சாவு” என்று சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றுபோனது. பத்து நாள், ஒரே ரோட்டில் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், நடுவில் ஒரு பர்லாங் இடைவெளி. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான், பின்னால் வருகிறவன் முந்த மாட்டான். சென்னியப்பனுக்கும் பயம் வந்துவிட்டது. பையன் விழுந்தால் பழி தன் மேல் வரும் என்று பீரின் பெயரை அடித்துவிடப் போவதாகச் சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆமினா பீவியைத் தேடிப் போனேன். ஆட்டுக்குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராகவே கேட்டேன், ஒரு நாள் விட்டால் குற்றமா என்று. அவர் முகம் சுளிக்கவில்லை. “ஒடம்பு முடியாதவங்க விட்டுப்போட்டு, பொறவு ஒரு நா வெச்சுக்கலாமுங்க. இவன் ஓடறதுக்காவ விடமாட்டேங்கறான். பந்தயத்த விடுறான்னாலும் கேக்கலீங்க. நீங்களே அவங்கிட்டக் கேளுங்க” என்றார். பீர் கதவோரம் நின்றிருந்தான். கேட்டேன். “நோன்பு அல்லாவுக்குங்க டீச்சரம்மா, அதுல நான் பேரம் பேச முடியாதுங்க. ஓடறது எனக்கு. ரெண்டும் ஒரே ஒடம்புல முடியுதான்னு பாக்கோணுமுங்க, அவ்வளவுதான்” என்றான். பார்க்கவேண்டும் என்று ஒருவன் சொன்னால் என்னால் மறுத்துப் பேச முடியாது, உன் அம்மா சங்கதி உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். விடியுமுன் ஐந்தேகாலுக்குச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்கிறான். ஆறரைக்கு ஓட்டம். அவன் வேகத்துக்கு எட்டு மணிக்குள் முடிந்துவிடும். மூன்று மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருப்பது ஒரு பெரிய காரியமா? அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் சென்னியப்பனிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, டீச்சரம்மா சொன்னால் சரி என்று பெயரை அடிக்காமல் விட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பந்தயத்தன்று நானும் அப்பாவும் நம் ஊர் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றோம். நல்ல கூட்டம். முப்பத்தியொரு பேர் ஓடினார்கள். முன்னால் வந்த நாலு பேரும் எனக்குத் தெரியாதவர்கள். ஐந்தாவதாகப் பீர் வந்தான், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. யாரோ டம்ளரை நீட்டினார்கள், கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். முகம் தெளிவாக இருந்தது. அரங்கசாமி எட்டாவதாக வந்தான், அவனும் முழுக்க நனைந்திருந்தான். மழையா பெய்தது என்று கேட்டார் அப்பா. பிற்பாடு அரங்கசாமி சொன்னான். மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடை வரைக்கும் இருவரும் பேசாமலே பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்களாம். காரமடையில் தண்ணீர் வைத்திருந்த இடத்தில் இவன் இரண்டு டம்ளர் எடுத்து, பழக்க தோசத்தில் ஒன்றை அவனிடம் நீட்டிவிட்டானாம். நீட்டிய பிறகுதான் நினைப்பு வந்திருக்கிறது. பீருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். “குடிக்கத்தான் கூடாது, தலைல ஊத்துடா” என்றானாம். இவன் ஊற்ற, அவன் இன்னொரு டம்ளரை எடுத்து இவன் தலையில் ஊற்ற, பிறகு வழியில் தண்ணீர் வைத்த இடத்திலெல்லாம் அவரவர் தலையில் ஊற்றிக்கொண்டே ஓடியிருக்கிறார்கள். கடைசி மூன்று மைலில் பீர் இரண்டு பேரை முந்தி மூன்றாவதாக வந்துவிட்டான். உன் தம்பி பதினொன்று. கொப்புளம் உடைந்து ஷூவெல்லாம் ரத்தம். ஆனாலும் தான் ஜெயித்த மாதிரி பீரைத் தோளோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். மணி ஒன்பது. என் கணக்கு சரியாகப் போனது என்று நான் நிம்மதியாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி சுமாருக்கு அரங்கசாமி நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். “அம்மா, பீரு எந்திரிக்க மாட்டேங்கறானுங்க, வாங்க” என்றான். போனேன். பாயில் கிடந்தான். உதடு வெளுத்து, தோல் உலர்ந்து, அந்த வெயில் நேரத்திலும் வேர்வை என்று ஒரு பொட்டு இல்லை. இரண்டு கெண்டைக்காலும் கல் மாதிரி இறுகி இழுத்துக்கொண்டிருந்தன. பேச்சு குழறியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது கண்ணு. எட்டு மணி வரைக்கும்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். ஓடி முடித்த உடம்புக்குத்தான் தண்ணீர் வேண்டும், அதற்குப் பிறகு பொழுது சாயப் பத்து மணி நேரம் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆமினா பீவி விசிறிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க டீச்சரம்மா” என்றார். நான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன், இவனுக்கு இப்போதே தண்ணீர் வேண்டும் என்று சொன்னேன். டாக்டரைக் கூட்டி வர அரங்கசாமி சைக்கிளில் புறப்பட்டான். ஆமினா பீவி எழுந்து போய்க் கொஞ்சம் உப்பும் வெல்லமும் கரைத்த தண்ணீரை ஒரு போசியில் ஊற்றிக்கொண்டு வந்தார். பீர் வாயை இறுக்கிக்கொண்டான். அவர் அதட்டவில்லை. அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “நோன்பு வெக்கோணும்னு உனக்குச் சொல்லிக் குடுத்தது நானு. இப்பத் தொறக்கச் சொல்றதும் நானுதான். ஓடினதுக்காவ விடல, உசுருக்காவ விடறே. இந்த ஒரு நாளப் பொறவு வெச்சுக்கலாம், குடி சாமி” என்றார். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. குடித்தான். முதலில் ஒரு மடக்கு, பிறகு அந்தப் போசி முழுக்கக் காலி. டாக்டர் வந்தபோது காலின் இறுக்கம் தளர்ந்திருந்தது. செய்தது சரிதான், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிப் போனார். அந்த உப்பும் வெல்லமும் எப்படி வேலை செய்கின்றன என்று உன் பெரிய டாக்டர்களிடம் விசாரித்து எழுது, எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இரண்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லையாம். மெட்ராஸ் போவதற்குச் சங்கத்திலிருந்து வந்த தாளைக்கூடப் பிரிக்கவில்லை என்று அரங்கசாமி சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று சாயங்காலம் அவனாகவே நம் வீட்டுக்கு வந்தான், நோன்பு வாயோடுதான். நான் முந்திக்கொண்டு, என் மேல்தான் தப்பு தம்பி, நீ மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவன் தலையை ஆட்டி, “நீங்க அந்தக் கணக்குப் போடலீன்னா நான் ஓடியே இருக்க மாட்டனுங்க” என்றான். அப்புறம், “அந்தத் தாள் இருக்குதுங்களா?” என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். எட்டு மணிக்குக் கீழே, பென்சிலால் அவனே எழுத ஆரம்பித்தான். பத்து மணிக்கு எப்படி இருந்தது, பதினொன்றுக்குக் கால் எப்படி இழுத்தது, எப்போது எச்சில் வற்றியது என்று ஒவ்வொன்றாக. நான் இடையிடையே கேட்டேன், அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். நோன்புப் பெருநாள் இந்தச் சனி அல்லது ஞாயிறு வரும், அது முடிந்ததும் விட்டுப்போன ஒரு நாளை வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மெட்ராஸ் பயிற்சியைத் தொடங்குவானாம். அந்த ஒரு நாள் தானும் சோறு தண்ணீர் இல்லாமல் கூட இருந்து பார்க்கப் போவதாக அரங்கசாமி சொன்னான். பீர் அவனை மேலும் கீழும் பார்த்து, “பத்து மணிக்கே டீக்கடைல நிப்பே” என்றான். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அன்றைக்கு நானும் இருந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். அப்பாவிடம் வாய் விட்டுவிடாதே, டம்ளரும் கையுமாக என் பின்னாலேயே சுற்றுவார்.

அம்மணி, வேலை வேலை என்று நின்றுகொண்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. கம்பளியைத் துவைத்து நன்றாகக் காயவைத்த பிறகு பெட்டியில் வை. சித்திரைக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிடு, போன தடவை மாதிரி கடைசி நேரத்தில் இல்லை என்று சொல்லிவிடப் போகிறார்கள். நீ தொடுகிற நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
ரங்கம்மாள்