மூக்கில்லாத டீமேக்கர்

12 ஜூலை 2021
கொரோனாக் காய்ச்சல் விட்டு இன்றுதான் ஃபேக்டரிக்குப் போனேன். கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. ஊவா மலையில் இந்தக் காற்றடிக்கும் சில வாரத் தேயிலைதான் தோட்டத்து முதலாளியம்மா நோனாவின் குடும்பத்துக்கு நாலு தலைமுறையாகப் பெயர் வாங்கித் தருகிறது.

அரைத்த கொழுந்தைப் பரப்பி வைக்கும் அறைக்குள் நுழைந்து, ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தேன். பச்சை வாடை போய்ப் பழ வாசம் ஏறும் நேரத்தில் அதை ட்ரையரில் போட வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கெட்டது. அந்த நேரத்தை மூக்கால் சொல்வதுதான் டீமேக்கரான என் வேலை. முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை.

13 ஜூலை
வெங்காயம், மண்ணெண்ணெய், கற்பூரம். ஒன்றும் ஏறவில்லை. "என்னங்க, கெடச்சதையெல்லாம் மோந்துக்கிட்டுத் திரியிறீங்க?" என்றாள் புஷ்பலதா. கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. மூக்கில்லாத டீமேக்கரை யார் வைத்துக்கொள்வார்கள்?

15 ஜூலை
கடிகாரத்தைப் பார்த்து ட்ரையரில் போடச் சொன்னேன். முப்பத்தொரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

24 ஜூலை
கொழும்புத் தரகரின் ருசிக் குறிப்பு வந்தது. பச்சையாக இருக்கிறதாம், மணமே இல்லையாம். நோனா கூப்பிட்டு விசாரித்தார். மேல் மாடியில் கொழுந்தை வாட வைத்தது சரியில்லை என்று சொல்லிவிட்டேன். வாடல் மாடி ஆட்கள் வயிறெரியப் பேச்சு வாங்கினார்கள். நான் மனுஷனா? — தெரியவில்லை.

27 ஜூலை
கொழுந்து பரப்பும் அந்த அறைக்குள் பூ, பவுடர், தலை எண்ணெய் எதுவும் வரக்கூடாது. தேயிலை எல்லா வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். யாராவது தைலம் தடவி வந்தால் வாசலில் வரும்போதே நான் கத்துவேன்.

அறையைக் கழுவித் துடைக்கும் அமராவதி இன்று தனியாக வந்து நின்றாள்.

"நேத்து தலவலின்னு தைலம் தேச்சிருந்தேங்கய்யா. மறந்தாப்ல உள்ள வந்துட்டேன். ஒங்க பக்கத்துலயே நின்னேன். நீங்க ஏசல."

நான் கடிகாரத்தைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"நானே வெளிய போயிட்டேன். யாருக்கும் சொல்லலங்க," என்றாள்.

அவள் போனபின் மெஷின் பின்னால் நின்று அழுதேன். ஐம்பத்தாறு வயதில்.

2 ஆகஸ்ட்
பதம் வந்தால் ஜாடை காட்டு என்று அமராவதியைக் கேட்டுக்கொண்டேன். இது எங்கள் கூட்டுக் களவாணித்தனம். அரைத்த கொழுந்து பதத்துக்கு வந்ததும் அமராவதி விளக்குமாற்றைச் சுவரில் சாத்துவாள். நான் ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி, பெரிய மனிதன்போல முகர்ந்து, ட்ரையர்காரனிடம் "கொட்டு" என்பேன். பதினாறு வருடமாகக் கூட்டிக்கொண்டே அவளும் முகர்ந்திருக்கிறாள். எனக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

9 ஆகஸ்ட்
நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் ஆகவில்லை. அவளோ விளக்குமாற்றைச் சாத்திவிட்டாள். அவளைத்தான் நம்பினேன்.

19 ஆகஸ்ட்
பத்து வருடத்தில் இப்படி ஒரு தேயிலை வந்ததில்லை என்று தரகர் எழுதியிருக்கிறார். நோனா எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மூக்கு எங்க குடும்பச் சொத்து" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஓரத்தில் அமராவதியும் தட்டினாள்.

20 ஆகஸ்ட்
காலையிலேயே பங்களாவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாடல் மாடிப் பொய்யையும் சேர்த்துத்தான். நோனாவின் முகம் சிவந்தது.

"அப்ப இந்த டீ யாரு செஞ்சது?"

"அமராவதி."

"நம்ம ஃபேக்டரியில பொம்பள யாரும் டீ பதம் பார்த்ததில்ல, மருதநாயகம்."

"இப்பப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா, நோனா."

21 ஆகஸ்ட்
வெவ்வேறு நேரத்தில் அரைத்த மூன்று குவியலை நோனா தன் கையாலேயே இடம் மாற்றி வைத்து, எதை இப்போது போடலாம் என்று அமராவதியைக் கேட்டார். அவள் மூன்றையும் முகர்ந்துவிட்டு, "எதையும் போட வேணாம். நடுவுல உள்ளத இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போடலாம்" என்றாள். அரைத்த நேரத்தைச் சரிபார்த்த நோனா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு இல்லை. வாடல் மாடி ஆட்களிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

6 செப்டம்பர்
மூக்கு இன்னும் திரும்பவில்லை. மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த அறை இப்போது அமராவதியின் பொறுப்பு.

எனக்கு முழங்கால் வலிக்கிறது என்று காலையில் புஷ்பலதா எதையோ தேய்த்துவிட்டாள். எனக்கென்ன தெரியும்? வழக்கம்போல அறைக்குள் போனேன்.

"ஐயா, அங்கயே நில்லுங்க. என்னத்தத் தேச்சிருக்கீங்க? வெளிய போங்க, கழுவிட்டு வாங்க."

வெளியே வந்து நின்றேன். உள்ளே "கொட்டு" என்று அவள் சொல்வது கேட்டது.