சுடரின் காது

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

சுடர் இன்று ஔ வரை எழுதிவிட்டாள். ஐ மட்டும் இன்னும் தலைகீழாகத் திரும்பிக்கொள்கிறது.

மத்தியானம் கோழியை விரட்டிப்போய் வரப்பில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அழவில்லை. ஆறு மணிக்கு பிரபு அத்தான் மலேசியாவிலிருந்து கூப்பிடும்வரை காத்திருந்து, முட்டியை போனுக்குக் காட்டினாள். அவர் அங்கிருந்து ஃபூ என்று ஊதினார். "ஆறிப்போச்சு" என்று ஓடிவிட்டாள். பிறகு திரையில் அவரும் நானும் மட்டும். என்ன பேசுவது?

"நடவு ஆச்சாமா?"

"இன்னும் இல்லைங்க அத்தான்."

சுடரைப் பெற்ற செந்தாமரை அக்கா அங்கே காய்ச்சலில் போய்ச்சேர்ந்து மூன்று வருஷம். ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர் இரண்டு வயசுப் பிள்ளையைத் தனியாக எப்படி வளர்ப்பார்? தூக்கி வந்து என் கையில் கொடுத்தார். கொஞ்ச நாளைக்கு என்றார். அந்தக் கொஞ்ச நாளில் நான் டிகிரி முடித்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மதுரை ஹைகோர்ட்டிலிருந்து நோட்டீஸ். பிள்ளையை ஒப்படைக்கச் சொல்லி அத்தான் வழக்குப் போட்டிருக்கிறார். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான்; நான்தான் வாசித்துச் சொன்னேன். சுடர் மலேசியக் குடிமகள். விசா முடிந்துவிட்டது. பாஸ்போர்ட்டைக் கேட்டும் அண்ணன் கொடுக்கவில்லை.

"படிச்சது போதும், மடிச்சு வை," என்றான் தமிழ்மாறன் அண்ணன். "பெத்தவ நம்ம வீட்டுப் பொண்ணு. புள்ளையும் நம்ம புள்ளதான்."

இனி சாயங்காலம் போனை அணைத்துவிட வேண்டுமாம்.

ஆகஸ்ட் 20

ஆறு மணியிலிருந்து சுடர் போனைத் தடவிக்கொண்டே இருந்தாள். டவர் இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். பஞ்சநதம் பெரியப்பாதான் வழி சொன்னார். "இன்னும் காது குத்தலல்ல? தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுக் குத்திடு. ஊரே சாட்சி. அப்புறம் எவன் வந்து கேப்பான்?"

தான் வந்த பிறகு குத்தலாம் என்று அத்தான் எப்போதோ சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும்தான்.

ரெத்தினம் அத்தை என் பக்கம் திரும்பி, "ஏன்டி, நீயே அவனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா வக்கீல் செலவு மிச்சம்ல?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அத்தானை நான் அப்படி நினைத்ததே இல்லை. ஆனால் சுடர் என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று — எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கோயில் வாசலில் ப்ளெக்ஸ். சுடருக்குக் கிரீடம், அண்ணனுக்குக் கூலிங் கிளாஸ், அக்கா மேகத்துக்கு நடுவில்.

"அப்பா எங்க?"

"எடம் பத்தலடா தங்கம்," என்றான் அண்ணன். கீழே அவன் சிநேகிதர்கள் பதினைந்து பேர் வரிசையாக இருந்தார்கள்.

ஆசாரி வலது காதைக் குத்தியதும் வீறிட்டாள். அண்ணன் மடியிலிருந்து நழுவி இறங்கி ஓடிவந்து, என் கையிலிருந்த போனைப் பிடித்து இழுத்தாள். "அப்பா ஊதணும். அப்பாவ ஊதச் சொல்லு சித்தி." மேளம் நின்றிருந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது. நான் குனிந்து அவள் காதில் ஊதினேன்.

"நீ இல்ல."

பிறகு இடது காதையும் பிடித்துவைத்துக் குத்தினார்கள்.

நீ இல்ல.

செப்டம்பர் 3, புதன்

தாய்மாமன் உரிமைக்கு அத்தாட்சி என்று காதுகுத்து வீடியோவை அண்ணன் வக்கீலிடம் காட்டினான். கடைசிவரை பார்த்துவிட்டு, "தம்பி, இத வேற யாருக்கும் காட்டிடாதீங்க," என்றார். அப்புறம் என்னிடம்: "உங்களத்தான்மா கேப்பாங்க. வளக்குறவங்க, படிச்சவங்க. புள்ளைக்கு அப்பா யாருன்னே தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

காலேஜில் அட்டென்டென்ஸுக்கு 'எஸ் மேம்' சொல்லவே குரல் எழும்பாது எனக்கு.

செப்டம்பர் 15

நாளைக்கு மதுரை. ஒரே ஒரு வரிதான். சொல்லிவிட்டால் இவள் இங்கேயே பள்ளிக்கூடம் போவாள். நான் தலை பின்னிவிடுவேன். சொன்னால்தான் என்ன?

செப்டம்பர் 16, செவ்வாய்

அத்தான் இளைத்திருக்கிறார். சுடர் என் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். "அப்பா இவ்ளோ பெருசா?" என்றாள். போனிலேயே பார்த்த பிள்ளை. அத்தான் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நீதிபதி அம்மா என்னைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார். "கொழந்தைக்கு அப்பாவத் தெரியுமாம்மா?"

நாற்காலி விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடிபட்டா அவருதான் ஊதணுங்க," என்றேன்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சொன்னேன். முட்டி, போன், காதுகுத்து எல்லாம். டவர் இல்லை என்று நான் சொன்னதையும். இதுவரை யாரிடமும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

திரும்பும்போது அண்ணன் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தான். அம்மாதான் கேட்டாள்: "வயித்துல நெருப்பக் கொட்டிட்டியேடி. உனக்கு அவ வேணாமா?"

வேணும்மா. வேணும்.

செப்டம்பர் 24, புதன்

தீர்ப்பு வந்தது. பிள்ளை அத்தானுக்கே. தினமும் நாங்கள் போனில் பேசலாம். பள்ளி லீவில் கூட்டி வர வேண்டும்.

அக்டோபர் 11, சனி

திருச்சி ஏர்போர்ட். அண்ணன் வரவில்லை.

"வலது காது திருகாணி லூசா இருக்குங்க அத்தான். தூங்குறப்போ பாத்துக்குங்க."

"அன்னிக்கும் உன் கையிலதாம்மா குடுத்தேன்," என்றார். குனிந்து அந்தத் திருகாணியை இறுக்கினார்.

சுடர் தள்ளுவண்டியில் பெட்டி மேல் உட்கார்ந்து, பஸ்ஸுக்குப் போகிறவள் மாதிரி கையாட்டிவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்தால் சீப்பில் அவள் முடி. எடுக்கவில்லை.

நவம்பர் 9

சுடர் போனில் வந்தாள், பல் விழுந்ததைக் காட்டினாள், ஓடிவிட்டாள். அத்தானும் நானும்.

"நடவு ஆச்சாமா?"

"ஆச்சுங்க."

ஜனவரி 18, 2026, ஞாயிறு

மேலவயலில் அறுவடை மிஷின் இறங்கியிருக்கிறது. நான் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து நின்றான். மதுரைக்குப் பிறகு என்னோடு அவன் பேசியதில்லை. போனை நீட்டினான். "உன்னத்தான் கேக்குறா."

சுடர் சைக்கிளில் விழுந்திருக்கிறாள். திரை முழுக்க அவள் முட்டிதான் தெரிந்தது. பின்னாலிருந்து அத்தான் குரல், அந்த மலேசிய 'லா'வோடு: "நான் ஊதிட்டேன் லா. ஒத்துக்க மாட்டேங்குறா."

"அப்பா இல்ல. சித்தி ஊதணும்."

மிஷின் சத்தத்தில் கேட்காதோ என்று கொல்லைப்பக்கம் ஓடினேன். போனை முகத்துக்கு நேரே பிடித்து ஊதினேன். திரையில் மூச்சு படிந்து முட்டி மங்கிப்போனது. துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை ஊதினேன்.