மாடியைக் காலி செய்யச் சொன்னார்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். நீயும் உன் பெண்டாட்டியும் குட்டியும் சௌக்கியமாக இருக்கவேண்டும். போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். நீ என்னைப் பேச விட்டால்தானே! கொஞ்சம் பிராக்டிகலா யோசி அக்கா என்று நீ ஆரம்பித்தாலே எனக்கு வாய் அடைத்துப்போகிறது. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான்.

முதலில் நல்ல செய்தி. முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் இப்போது உட்கார்ந்தபடியே லென்ஸ் பொருத்த விடுகிறார்கள். முதலாளிக்கு மனசு இளகிவிட்டது என்று நினைக்காதே. நின்றுகொண்டு நான் புலம்புவதை அவரால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று நீ சொன்னாயே, வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுகிற கம்பெனி, அது நம் தெருவில் கிட்டத்தட்ட எல்லா வீட்டையும் வாங்கிவிட்டது. எதிர்வீட்டு டாக்டர் விற்றுவிட்டார். மூலை வீட்டு அண்ணன் தம்பிகள் சண்டை போட்டுக்கொண்டே விற்றுவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் ஒரே சாம்பல் நிறப் பெயின்ட், ஒரே மாதிரிக் கதவு, பூட்டுக்குப் பதிலாக அட்டை தேய்க்கிற பெட்டி. நடுவில் நம் வீடு மட்டும் பச்சை ஜன்னலோடு நிற்கிறது. போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். அப்பா வீட்டை நம் இருவர் பேரிலும் எழுதி வைத்திருப்பதால் இருவர் கையெழுத்தும் வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களை அனுப்பி மாடியைக் காலியாகக் கொடுக்கவேண்டும் என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மழை பெய்யற அன்னைக்கு வந்து பாருங்கம்மா என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் வழக்கம் எனக்கும் ஊறிப்போய்விட்டது. வாடகைக்கு யார் வந்தாலும் அவர் மழை நாளில்தானே வரச் சொல்வார்? எங்கே ஒழுகும், எங்கே பாத்திரம் வைக்கவேண்டும் என்று காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். விலைக்கு வாங்க வந்தவளிடம் போய் அதைச் சொல்லியிருக்கிறேன், என் சமர்த்தைப் பார். அவள் சிரித்துவிட்டு, ஒழுகினா என்னம்மா, எப்படியும் இடிச்சுட்டுப் புதுசாத்தானே கட்டப் போறோம் என்றாள். இடிப்பார்கள் என்று நீ என்னிடம் சொல்லவே இல்லை.

மாடியில் இருக்கிற ரொட்டிக்காரியை நீ பார்த்ததில்லை. பேக்கரியில் மாவு பிசைகிறவள். இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் எங்கே என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. உங்க வீடு ஒண்ணை அவளுக்குக் கொடுங்களேன் என்று கம்பெனிப் பெண்ணிடம் கெஞ்சிப் பார்த்தேன். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டரே வீடு கொடுக்காதாம், அவள் நினைத்தாலும் முடியாதாம். பேக்கரிக்காரர் சம்பளத்தைக் கையில் கொடுப்பார், சீட்டுக்கு எங்கே போவது? குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அவளுக்கு வீடு கொடுக்க இனி என்னை விட்டால் ஆள் இல்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் பிரமாதமான வீட்டுக்காரி இல்லை. அவள் குளியலறைக் குழாய் மாதக்கணக்கில் சொட்டுகிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் நாளைக்கு வர்றேன் என்பார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயரே ‘நாளைக்கு’தான். எதிர்வீட்டில் போனில் ஒரு பட்டனைத் தட்டினால் அன்றைக்கே ஆள் வந்து நிற்கிறான். பார்க்க எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஆனால் அதே வீட்டில் ஒருவர் உடம்புக்கு முடியாமல் படுத்து, வாடகைக்குக் கொஞ்சம் அவகாசம் கேட்கப் பார்த்தபோது, கேட்பதற்கு ஒரு மனிதர் கிடைக்கவில்லை. பட்டன்தான் இருந்தது. ஒரு சாயங்காலம் அட்டையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கதவு திறக்காமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எப்படியும் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மனசைக் கல்லாக்கிக்கொண்டு மாடி ஏறினேன். கதவைத் திறந்ததும், வாங்கக்கா, நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன் என்றாள். சுவருக்கு அவளே பெயின்ட் அடித்துக்கொள்கிறாளாம், நான் சரி என்றால் போதுமாம். பெரியவள் மஞ்சள் என்றாள், சின்னவள் நீலம் என்றாள், இரண்டு பேரும் என்னைப் பஞ்சாயத்துக்கு உட்காரவைத்தார்கள். காலி செய்யச் சொல்லப் போனவள், ஒரு சுவர் மஞ்சள் ஒரு சுவர் நீலம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீயும் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

ஆகவே தம்பி, நான் கையெழுத்துப் போடமாட்டேன். உனக்குப் பணம் கண்ணை மறைக்கிறது. அப்பா இருந்திருந்தால் உன்னை வாசற்படி ஏற விட்டிருக்கமாட்டார். கோபமாகத்தான் எழுதுகிறேன், நீயும் கோபமாகவே படி.

*

சில நாட்களாக இந்தக் கடிதம் பாதியில் கிடந்தது. மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று உன் பெண்டாட்டி பேசினாள். அவளைத் திட்டாதே, நான்தான் தோண்டித் துருவிக் கேட்டேன். உனக்கு வேலை போய் எத்தனையோ மாதம் ஆகிறதாமே. நீ குடியிருக்கிற அந்தப் பெரிய கட்டடமும் ஒரு கம்பெனியுடையதுதானாம். வாடகையை ஏற்றிவிட்டு, இந்த மாதக் கடைசிக்குள் கட்டு, இல்லாவிட்டால் காலி செய் என்று சொல்லிவிட்டார்களாம். பேசிப் பார்க்கலாம் என்று போன் செய்தால் மெஷின்தான் பதில் சொல்கிறதாம். யாரும் சொல்லாமலே குட்டி தன் விளையாட்டுச் சாமானையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாளாம்.

போனை வைத்துவிட்டு அழுதேன். பணத்தாசை பிடித்தவன் என்று நான் இங்கே உன்னைத் திட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன், நீ அங்கே பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போவது என்று தவித்துக்கொண்டிருக்கிறாய். ஏண்டா, என்னிடம் சொல்ல உனக்கு என்ன வெட்கம்?

கம்பெனித் தாளில் என் கையெழுத்தைப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நான் எங்கேயாவது ஒரு அறை பார்த்துக்கொள்வேன். நீயா அவளா என்று வந்தால் எனக்கு நீதான். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ரொட்டிக்காரியிடம் சொல்ல மட்டும் என்னால் ஆகாது. நேற்றும் ஏறிப் பார்த்தேன், பாதிப் படியோடு திரும்பிவிட்டேன். உள்ளே இரண்டு குழந்தைகளும் பெயின்ட் அடித்துக்கொண்டே சிரிக்கிற சத்தம் கேட்டது. அதை நீதான் சொல்லவேண்டும். தாளின் பின்பக்கம் அவள் நம்பர் இருக்கிறது. கீழ்வீட்டு அக்காவோட தம்பி பேசுறேன் என்று சொல். நீ எதற்குக் கூப்பிட்டாய் என்று தெரியாமல், நல்லா இருக்கீங்களா தம்பி, குழந்தை எப்படி இருக்கா என்று கேட்பாள். அக்காவுக்கு நீங்கன்னா உசுரு என்பாள். கேட்டுக்கொள். அதற்குப் பிறகும் உன்னால் சொல்ல முடிந்தால், சொல்லிவிட்டு உன் கையெழுத்தைப் போடு. நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

சொல்ல வாய் வரவில்லை என்றால், தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பி வாருங்கள். கீழே என் ஹாலை நடுவில் பலகை போட்டுத் தடுத்துக்கொள்ளலாம். நெருக்கடியாகத்தான் இருக்கும். இங்கே உனக்கு வேலை உடனே கிடைக்குமா, உன் பெண்டாட்டிக்குப் பிடிக்குமா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

எது செய்தாலும் நீ நல்லா இருக்கணும்டா. வேளைக்குச் சாப்பிடு. குட்டியிடம் அந்தப் பெட்டியைத் திறந்து விளையாடச் சொல், அத்தை சொன்னதாகச் சொல்.

உன்
அக்கா