எண் சுவரில் இருக்கிறது

கம்பம்,
வியாழன் மாலை.

அன்புள்ள தம்பி திலீபனுக்கு,

உன் அக்கா வேல்விழி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. எங்கள் வார்டில் படுத்திருக்கும் அப்பாவுக்கு வலது கையும் காலும் இன்னும் அசையவில்லை, பேச்சும் திரும்பவில்லை. கஞ்சி கொஞ்சம் இறங்குகிறது, சில நேரம் புரையேறுகிறது. குழறிக் குழறி ஏதோ சொல்கிறார். நமக்குப் புரியாவிட்டால் கோபத்தில் இடது கையால் தட்டைத் தள்ளிவிடுகிறார். அந்தக் கோபம் நல்லதுதான் என்கிறார் டாக்டர். திராட்சைத் தோட்டத்தைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் ‘சரிக்கா, நான் பாத்துக்கிறேன்’ என்று வைத்துவிடுவாய். இதை நீ முழுவதும் படிக்க வேண்டும். நம் அருண்பாண்டி இன்று லாரியில் திராட்சை ஏற்றிக்கொண்டு பெங்களூரு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு நீ செய்து கொடுத்த செயலியைப் பற்றித்தான். குறை சொல்ல உட்காரவில்லை. முன்பெல்லாம் ஜெஸ்லின் சிஸ்டர் காய்ச்சல், பிரஷர் எல்லாவற்றையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு ஓடுவாள். நீ வார்டில் வந்து உட்கார்ந்து பார்த்தபோது அதைக் கண்டு சிரித்தாய். இனி யாரும் கையில் எழுத வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போய்ச் செய்தும் காட்டினாய். இப்போது மருந்து நேரம் வந்தால் டேப்லெட் திரையில் அந்தக் கட்டிலின் கட்டம் சிவந்து மணி அடிக்கிறது. என் தம்பி செய்தது என்று நான் அலட்டிக்கொண்டதைக் கேட்டிருந்தால் உனக்கே வெட்கமாகியிருக்கும்.

ஆனால் நீ வந்திருந்த நாட்களில் வார்டில் யாருக்கும் மோசமாகவில்லை, திலீபா. அதனால் ஒன்றை நீ பார்க்கவே இல்லை. ஒருவருக்கு மூச்சு இழுத்தால் அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்து எங்கள் மேசைக்குப் பக்கத்தில், ஒன்றாம் எண்ணில் போட்டுக்கொள்வோம். கண்ணெதிரே இருக்க வேண்டும் அல்லவா? அங்கே இருந்தவர் கட்டிலோடு வேறு இடத்துக்குப் போய்விடுவார். பெயரும் மருந்தும் எழுதிய காகிதச் சீட்டு கட்டிலின் கால்மாட்டில் தொங்குவதால் ஆளோடு சேர்ந்து அதுவும் போகும். எண் மட்டும் சுவரில் இருக்கிறது. உன் டேப்லெட்டுக்குத் தெரிந்தது அந்த எண்தான். இடம் மாறியதை அதில் ஏற்ற மேட்ரனின் கடவு எண் வேண்டும். ஒருவர் மூச்சுத் திணறும்போது யார் போய் மேட்ரனைத் தேடுவார்கள்?

செவ்வாய் மதியம் கூடலூர்க்காரர் ஒச்சாண்டி என்பவரை அப்படித்தான் தள்ளிக்கொண்டு வந்தோம். ஒன்றில் இருந்த சர்க்கரை நோயாளி எட்டுக்குப் போனார். சாப்பாட்டு நேரத்தில் மணி அடித்தது. ஒன்று, இன்சுலின். எண் கொட்டை எழுத்தில், பெயர் கீழே பொடியாக. நான் ஊசியோடு போய் ஒச்சாண்டியின் சட்டையை விலக்கினேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, ‘எனக்கு ஏது ஆத்தா சக்கர? இல்லைன்னுதான டாக்டரய்யா சொன்னாக’ என்றார். ஊசி தோலுக்கு வந்துவிட்டது. குத்தாமல் அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டேன். கால்மாட்டுச் சீட்டை நான் பார்த்திருக்க வேண்டும். நீ செய்தது என்பதால் பார்க்கவில்லை.

ஒச்சாண்டி வாய் திறந்து சொன்னதால் தப்பித்தார். அப்பாவால் என்ன சொல்ல முடியும்?

நேற்று மிகவும் புரையேறியதால் அப்பாவையும் மேசைப் பக்கம் கொண்டுவந்துவிட்டோம். மேட்ரனைக் கையோடு கூட்டிவந்து டேப்லெட்டிலும் மாற்றிவிட்டேன். இந்த நிமிஷம் எல்லாம் சரியாக இருக்கிறது. அடுத்து இன்னொருவருக்கு மூச்சு இழுத்தால் அப்பாவின் கட்டிலை நகர்த்துவார்கள். நான் இல்லாத நேரத்தில் அது நடந்தால் என்ன செய்வேன்? மற்ற நர்ஸ் பிள்ளைகளிடம் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் மணி அடித்தால் ஓடிப் பழகிவிட்டார்கள். திங்கள்கிழமை முதல் காகிதச் சீட்டே கிடையாதாம். மேனேஜரிடம் முறையிட்டேன். ‘ஒங்க தம்பி செஞ்சதுதானம்மா, நீங்களே கொற சொன்னா எப்படி’ என்று சிரிக்கிறார்.

அதே திங்கள்கிழமை மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் இது போகிறது, உனக்குப் பெரிய பதவி வருகிறது என்று சொன்னாய். அந்த வார்டுகளிலும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் இருக்கும், தம்பி. நிறுத்தச் சொன்னால் உன் வேலைக்கு என்ன ஆகுமோ என்று யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆள் எங்கே போனாலும் மருந்து அவர் பின்னாலேயே போகிற மாதிரி செய்ய உனக்குத் தெரியும். அதுவரை காகிதம் தொங்கட்டும்.

இன்று டியூட்டி முடிந்து கிளம்பும்போது அப்பாவின் உள்ளங்கையில் அவர் பெயரைப் போட்டுப் பேனாவால் எழுதிவிட்டு வந்தேன். சின்னக்கருப்பு, சர்க்கரை கிடையாது என்று. முதலில் இடது கையில் எழுதினேன். அவர் போர்வையைப் பற்றி இழுத்து அழித்துவிட்டார். அதனால் வலது கையில் எழுதினேன். அந்தக் கை அசையாது, எழுத்து அப்படியே இருக்கும் என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

வீரபாண்டி கௌமாரியம்மன் உன்னைக் கைவிட மாட்டாள். நீ அப்பாவைக் கைவிட்டுவிடாதே, சாமி.

உன் அக்கா,
வேல்விழி