அந்தப் பொண்ணு பார்த்தாளா?

அக்டோபர் 9

இறால் பருவம் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. இன்று நான்கு படகுகள். காலையில் குளிர்கிடங்குக்குள் நுழைந்தவள் மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தேன். மெக்சிகோக் கடலோர மஸாத்லான் வெயில் முகத்தில் அடித்ததும் கொஞ்ச நேரம் கண்ணே தெரியவில்லை.

இரண்டு முறை சோப்புப் போட்டும் கையில் இறால் வாசனை போகவில்லை. அந்தக் கையோடுதான் கனடாக் கல்லூரியின் எம்.பி.ஏ. விண்ணப்பத்தைத் திறந்தேன். முதல் கேள்வி: “நீங்கள் எடுத்த ஒரு முடிவால் என்ன மாறியது?”

எட்டு வருஷமாக இந்த இறால் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. இறாலைப் பற்றி ஆயிரம் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என்னைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பனி பெய்யும் ஏதோ ஓர் ஊரில், முன்பின் தெரியாத யாரோ, இந்த யாதிரா ஓசுனா என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். ஆச்சரியமாக இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

முழு உதவித்தொகை கிடைத்தால்தான் போக முடியும். பாதி கிடைத்தால் கிடைக்காத மாதிரிதான். உலகம் முழுவதிலிருந்தும் வருஷத்துக்கு மூன்று பேருக்குத் தருகிறார்கள். மூன்றே பேர்! எனக்கு எவ்வளவு துணிச்சல்.

அக்டோபர் 21

வேலை கொடுத்தவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம். வேலை கொடுத்தவர் என்றால் ஒஃபேலியா லிசாராகா. ஆலை முதலாளி. அவர் கோபத்துக்குப் படகுக் கேப்டன்களே தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்கள். மூன்று நாள் தள்ளிப்போட்டு இன்று போய் நின்றேன்.

“கனடாவா? அங்க இறால் இருக்கா?”

“படிக்கப் போறேன் மேடம். கெடச்சா.”

“சரி, நீயே எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போடறேன்.”

இங்கே எல்லாரும் இப்படித்தான். கடிதம் வேண்டியவர் எழுதிக்கொண்டு போவார், பெரிய மனிதர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். ஆனால் கல்லூரி கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: விண்ணப்பிப்பவர் இந்தக் கடிதத்தை எழுதவோ பார்க்கவோ கூடாது. அதைச் சொன்னேன்.

“யாருக்குத் தெரியப்போவுது? நாலு படகு நிக்குது. இதுல உன் புராணத்த வேற நான் எழுதணுமா?”

அக்டோபர் 22

எழுத மாட்டேன். தப்பு தப்புதான்.

நவம்பர் 5

எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 8

மூன்று நாளில் ஆறு வரி. அம்மா எட்டிப்பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். “அடியே, ஊர்ல இருக்கறவங்க குத்தத்தையெல்லாம் ஒரே மூச்சுல சொல்லுவ. உன்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்ல இவ்ளோ நேரமா?”

‘கடின உழைப்பாளி’ என்று எழுதினேன். ‘நேர்மையானவர்’ என்றும் எழுதினேன். அதை எழுதும்போது எனக்கே முகம் சுட்டது. செய்வது திருட்டு வேலை, அதில் நேர்மையாம்.

‘இவர் செய்த பெரிய தவறு என்ன?’ என்று ஒரு கேள்வி. ‘வேலையில் மூழ்கினால் சாப்பிட மறந்துவிடுவார்’ என்று எழுதிவைத்தேன். பின்னே? உண்மையையா எழுத முடியும்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படகில் பனிக்கட்டி தீர்ந்துபோயிருந்தது. அவசரத்தில் மேலாக நாலு பெட்டியைப் பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பினேன். மத்தியானம் அதே படகில் மிச்சமிருந்த பெட்டிகளைத் திறந்தால் இறால் தலையெல்லாம் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. அலுவலகத்தில் விசாரித்தால், லாரி குவாதலஹாரா சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. மேடத்திடம் சொல்லாமல், சரக்கு வாங்கும் உர்சுவாவை நானே போனில் கூப்பிட்டு, இறக்காதீங்க, திருப்பி அனுப்பிடுங்க என்றேன். ஒன்பது டன் திரும்பி வந்தது. உர்சுவா வாங்குவதை நிறுத்தினார். மேடம் ஒரு வாரம் எல்லார் முன்னாலும் கத்தினார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும்தான்.

நவம்பர் 14

இரண்டு பக்கம் கொடுத்தேன். படிக்காமல் மேசை டிராயருக்குள் போட்டார். “அனுப்பிடறேன், போ.”

ஜனவரி 13

நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள்!! மெயிலை ஏழு முறை படித்தேன். ‘உங்கள் கட்டுரைகளை நாங்கள் மூவரும் படித்தோம்’ என்று இருக்கிறது. மூன்று பேர். என் வாக்கியங்களை. ஆலை எடைமேடையில் வேலை பார்க்கும் நெரேயோ அண்ணனிடம் காட்டினேன். ஆங்கிலம், அவருக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை, ஆனாலும் எழுந்து நின்று படித்தார்.

பிப்ரவரி 10

நாளை மறுநாள் திருவிழா ஆரம்பம். பக்கத்து வீட்டு பேண்டு கோஷ்டி காலையிலிருந்து ட்யூபா ஊதுகிறது, வீட்டில் ஜன்னல் எல்லாம் அதிர்கிறது. நாளைய நேர்முகத்தை ஆலை அலுவலகத்தில் வைத்துக்கொள்ள மேடமே சொல்லிவிட்டார். “ஒரு லாரி ஹாரன் அடிக்கட்டும், கண்ணாடிய ஒடைக்கறேன்” என்கிறார் நெரேயோ அண்ணன்.

பிப்ரவரி 11

நேர்முகம் முடிந்தது. எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

திரையில் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். முதல் இருபது நிமிடம் நன்றாகப் போனது. தயார் செய்ததையெல்லாம் சொன்னேன். பிறகு அந்த அம்மாள் ஒரு தாளைப் புரட்டினார்.

“ஒன்பது டன் இறால் திரும்பி வந்துச்சாமே? உங்க முதலாளி எழுதியிருக்காங்க. அதப் பத்திச் சொல்லுங்க.”

நான் எழுதிய இரண்டு பக்கத்தில் அது இல்லை. அப்படியானால் மேடம் என்ன அனுப்பினார்? போட்டுக் கொடுத்துட்டாளா? எட்டு வருஷம் நாயா ஒழைச்சேனே, இதுக்கா?

பொய் சொல்லத் தோன்றவில்லை, அதற்கு நேரமும் இல்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். அவசரப்பட்டது என் தப்பு என்றேன். போன் பண்ணியது மட்டும் தப்பில்லை, இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன் என்றேன். வாயைத் திறந்துவிட்டேனா, நிறுத்த முடியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் பரிந்துரைக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன், விதி தெரிந்தும் கொடுத்தேன் என்றேன். போச்சு, எல்லாம் போச்சு என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தெரியும். ‘நாந்தான் அவள எழுதச் சொன்னேன், ஆனா அவ எழுதினத அனுப்பல’ன்னு உங்க முதலாளியே எழுதியிருக்காங்க.” பிறகு கேட்டார்: “அந்த உர்சுவா இப்ப என்ன சொல்றார்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். அவர் சிரித்தாரே தவிர சொல்லவில்லை.

பிப்ரவரி 12

ஊரே கடற்கரைச் சாலையில் ஆடிக்கொண்டிருக்க, நான் மேடம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நான் எழுதியதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“அதுவா? படிச்சேன். அதுல வர்ற பொண்ணு யாருன்னே தெரியல. நல்ல பொண்ணுதான் போல. ஆனா எங்கிட்ட வேல பாக்கல.”

உர்சுவாவைப் பற்றிக் கேட்டேன். பேனாவைத் திறந்து மூடினார்.

“போன பருவமே திரும்பி வந்துட்டான். ஒவ்வொரு லோடுக்கும் போன் பண்ணுவான். மொதக் கேள்வி எடையுமில்ல, வெலயுமில்ல. ‘அந்தப் பொண்ணு பார்த்தாளா?’ ஆமான்னு சொன்னாத்தான் மத்த பேச்சு. இப்ப இன்னும் ரெண்டு வியாபாரிங்க அதையே கேக்கறானுங்க.”

எந்த லாரி எங்கே போகிறது என்பது அலுவலகத்துக்குத்தான் தெரியும். குளிர்கிடங்கில் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்?

“ஏன் மேடம் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா சம்பளம் கூட்டிக் கேப்ப.”

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். வெளியே வந்து எடைமேடை ஓரமாக நின்றேன். எத்தனையோ ஆலைகளில் வாங்கக்கூடிய ஒரு வியாபாரி, எங்கோ ஒரு சந்தையில், முகம் தெரியாத ஒரு பெண்ணின் கண்ணை நம்பிச் சரக்கு வாங்கியிருக்கிறார். அந்தப் பெண் நான். இரண்டு வருஷமாக அந்த நாளை நினைத்துக் கூனிக்குறுகிக் கிடந்தேன். அதைவிடப் பெரிய ஆச்சரியம், இவ்வளவு தெரிந்த மேடம் என்னைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் கனடாவுக்கு எழுதிப் போட்டது. என்ன மனுஷி இவர்! அழுதேன். நெரேயோ அண்ணன் பார்க்காத மாதிரி எடைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 27

முழு உதவித்தொகை. மூன்று பேரில் ஒருத்தி. அம்மா எல்லாரிடமும் சொல்லத் தெருவுக்கு ஓடிவிட்டாள். மற்றதை எழுத வரவில்லை.

மார்ச் 28

மேடத்திடம் சொன்னேன். “தெரியும்” என்றார். எப்படித் தெரியும் என்றால், “உன் மூஞ்சி.” அவ்வளவுதான். கனடாவில் இறால் எப்படிச் சமைப்பார்கள் என்று ஒரு கேள்வி கேட்டார், கூட ஒரு தலையாட்டல்.

ஜூலை 18

இன்னும் மூன்று வாரம். என் இடத்துக்கு மேடம் யாரையும் எடுக்கவில்லை. நாலு முறை ஞாபகப்படுத்தினேன், நாலு முறையும் வேறு பேச்சு.

படகுப் பருவம் முடிந்துவிட்டது, இன்று விடியற்காலை குளத்தில் வளர்த்த பண்ணை இறால் வந்தது. கிடங்குக் கதவைத் திறந்தால் அங்கே மேடம் நிற்கிறார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், புதுசு, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. பத்து வருஷமாக அவர் இந்தக் குளிருக்குள் கால் வைத்ததில்லை என்கிறார் நெரேயோ அண்ணன்.

“என்ன பாக்கற? சொல்லிக்குடு.”

சொல்லிக்கொடுத்தேன். தலையும் உடம்பும் சேரும் இடத்தை விரலால் மெதுவாக விலக்கிப் பார்க்க வேண்டும், கறுப்பு முதலில் அங்கேதான் வரும். மேல் பெட்டியைப் பார்த்து ஏமாறக் கூடாது, அடியிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். பார்த்த பிறகு மோந்தும் பார்க்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து படிந்து மறைத்தது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூக்கு பெட்டியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது. விரல் சிவந்துவிட்டது. போதும் என்று சொல்லவில்லை.

பதினோராவது பெட்டியில் ரொம்ப நேரம் நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

“இது போலாமா?”

“வேணாம் மேடம்.”

பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததற்குக் குனிந்தார்.