தேன்மெழுகுக் கண்டென்சர்

1938 அக்டோபர் 3, திங்கள்

ஆம்ப்ளிபயர் இன்றைக்கும் கொர்ர்ர் என்றுதான் கத்துகிறது. மைக்கில் நான் "அல்லேலூயா" என்றால் பெட்டிக்குள்ளிருந்து எருமை பதில் சொல்கிறது. களியக்காவிளையில் கூடாரம் கலைத்துப் போன சினிமாக்காரர்களிடம் இதை வாங்கி வந்த அன்றே, "நம்ம சபைக்கு ஒரு புதுத் தொண்டை" என்று குலசேகரம் முழுக்கச் சொல்லித் தொலைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா செல்வதாஸ்?

இந்த மாதம் 22-ஆம் தேதி அறுப்பின் பண்டிகை ஏலம். காணிக்கை மேசையில் வருகிற வாழைக்குலை, சேனை, கோழி எல்லாவற்றையும் ஏலம் கூறுகிறவர் என் மாமனார் தங்கையன். ஜலதோஷம் பிடித்து அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அதனால் சபைக் கமிட்டியார் என் பெட்டியைக் கேட்டிருக்கிறார்கள். மாமனார் அந்தக் காற்றுக் குரலிலும் விடவில்லை: "ரைட்டரே, சினிமாக்காரனுக்க பெட்டிய வச்சா நான் ஏலம் கூறணும்? எனக்க தொண்டை செத்தா போச்சு?"

ரைட்டரே! ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் மகளைக் கட்டியவனும் நான்தானே? கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவையாவது "மருமகனே" என்று அந்த வாயில் வந்ததுண்டா? இந்தப் பெட்டி மட்டும் ஒழுங்காகப் பேசட்டும், வரவைக்கிறேன்.

அக்டோபர் 5

பெட்டியைத் திறந்தேன். கோளாறு கண்டென்சரில், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற டப்பாவில். பாட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைத்தேன். சனியன், அப்போதும் உதைத்தது! போட்ட சத்தத்தில் ராஜபாய் அகப்பையோடு ஓடி வந்தாள்.

"என்னத்துக்கு இந்த அலறல்?"

"கண்டென்சர் அடித்துவிட்டது."

"ஒண்ணு திருப்பிக் குடுக்காம என்னத்துக்கு நிக்கிய?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். புளிக்கறி அடிபிடித்துவிடுமாம். புருஷன் அடிபட்டால் பரவாயில்லை.

அக்டோபர் 7

திருவனந்தபுரத்துக் கடையில் விசாரித்தாயிற்று. புதுக் கண்டென்சர் மதராசிலிருந்து வர கிறிஸ்துமஸ் ஆகுமாம். கிறிஸ்துமஸுக்கு வந்து என்ன, பாலன் பிறப்புக்கா வாழைக்குலை ஏலம் போடப் போகிறோம்?

பழையதைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சூட்சுமமும் இல்லை. ஈயத்தாள், மெழுகு தடவிய காகிதம், மறுபடி ஈயத்தாள், மறுபடி காகிதம் — பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி ஒரு டப்பாவில் அடைத்திருக்கிறார்கள். காகிதம் நொந்து, மெழுகு உதிர்ந்து கிடக்கிறது. இதை நான் செய்ய முடியாதா?

அக்டோபர் 8

ஈயத்தாள் ஆயிற்று, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்ததை உரித்தேன். மெல்லிய காகிதத்துக்குத்தான் அலைச்சல். ஞானப்பாட்டுப் புத்தகத்தின் தாளை விரலால் தடவித்தான் பார்த்தேன். சத்தியமாகத் தடவித்தான் பார்த்தேன். ராஜபாய் அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். கடைசியில் பட்டம் செய்கிற தாள் கிடைத்தது.

அக்டோபர் 10

கடை மெழுகுவத்தி போதும் என்றாள் ராஜபாய். கேட்பேனா? மார்த்தாண்டத்தில் வீட்டுக்கு வீடு தேனீப் பெட்டி இருக்கும்போது சீமை மெழுகு எதற்கு? போய்ச் சட்டி நிறையத் தேனடை வாங்கி வந்து துணியில் பிழிந்தேன்.

"வெந்நீரில போட்டு நல்லா காய்ச்சி எடுங்க. இல்லேன்னா இனிப்பு போவாது."

"கண்டென்சரை ஆராவது நக்கியா பார்க்கப் போகிறார்கள்?" என்றேன். நல்ல பதில்.

அக்டோபர் 12

காலையில் தோசைக்குத் தேன் கேட்டேன். மொத்தத்தையும் ராஜபாய் தன் அப்பாவின் தொண்டைக்குக் கொடுத்துவிட்டாளாம். தேனடை வாங்கியவன் நான். கையெல்லாம் பிசுபிசு என்று பிழிந்தவன் நான்.

அக்டோபர் 15

பேசிவிட்டது!! கொர்ர் இல்லை, கிர்ர் இல்லை. முற்றத்தில் நின்று நூற்றிருபத்தொன்றாம் சங்கீதம் முழுவதையும் மைக்கில் சொன்னேன். எனக்கு இவ்வளவு நல்ல குரல் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே. "கோழி அடை விட்டு எறங்கி ஓடுது, நிறுத்துங்க" என்றாள் ராஜபாய். பொறாமை.

அக்டோபர் 17

பெட்டிக்குள் ஒரு எறும்பு. நசுக்கினேன்.

அக்டோபர் 18

ஒரு எறும்பு அல்ல.

அக்டோபர் 20

வரிசை கட்டி வருகின்றன, கண்டென்சருக்கு நேராக. கர்த்தாவே, பெட்டியில் வேறு எத்தனையோ சாமான் இருக்கிறதே! மஞ்சள்பொடி தூவினேன். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். ராஜபாய் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு போகிறாள். தேனால் இல்லை, இது மழைக்கால எறும்பு என்றேன். பிரித்து மறுபடி சுற்ற எனக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை.

அக்டோபர் 22, சனி

எப்படி எழுத?

பெட்டியை வைக்கக் கோயிலில் வேறு மேசை இல்லை. காணிக்கை மேசையிலேயே, ஒரு பூசணிக்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவில் வைத்தேன். நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம். இனி எந்த எறும்பு வரும் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். வாழைக்குலைக்குள்ளேயே ஒரு கூடு இருக்கும் என்று யார் கண்டது?

மாமனார் மைக்கைப் பிடித்தார். பெட்டி முதலில் "கொர்ர்" என்றது. அப்புறம் டப், டப், டப். அப்புறம் புஸ். வெந்த தேன் வாசனை கோயில் முழுக்கப் பரவியது. பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஏலே, ஆரு பாயசம் வைக்குதது?" என்று கேட்டார். சபை சிரித்தது. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் நல்லது என்று இருந்தது.

மாமனார் மைக்கைக் கீழே வைத்தார். ஒரு செருமல் செருமினார். "சேனை ஒண்ணு! ஒரு தரம்ம்ம்!" — யப்பா! ரோட்டில் போன மாட்டுவண்டி நின்றுவிட்டது. எங்கே போயிற்று அந்தக் காற்றுக் குரல்? ராஜபாயைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்து, தேன் ஊற்றுகிற மாதிரி கையால் ஜாடை காட்டினாள்.

கிழங்கு போயிற்று, கோழி போயிற்று. அடுத்து மாமனாரின் பிரம்பு என் பெட்டியைத் தட்டியது.

"அடுத்தது — இனிப்புப் பெட்டி ஒண்ணு!"

"மாமா, அது என்னுது!" என்று துள்ளி எழுந்தேன்.

"காணிக்கை மேசையில வச்ச பொருளு கர்த்தருக்கு, ரைட்டரே. வேணும்னா ஏலத்துல எடும்."

நியாயம்தான். போன வருஷம் போதகர் மறந்து வைத்த குடையை அவரே ஏலத்தில் எடுத்துத்தான் வீட்டுக்குப் போனார். ஒரு பணம் என்றேன், நாலு சக்கரக் காசு. சைக்கிள் கடை முத்துநாயகம் ரெண்டு பணம் என்றான். கடையில் கிராமபோன் பாட்டு வைக்க அவனுக்கு இந்தப் பெட்டிமேல் வெகுநாளாக ஒரு கண். மூணு என்றேன். சட்டைப் பையில் அவ்வளவுதான் இருந்தது. முத்துநாயகம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சாவகாசமாக வாயைத் திறந்தான்.

மாமனார் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் நடுவில் ஒரு வெற்றிலை மடித்துப் போட்டுவிடலாம், அவ்வளவு இழுப்பார். இன்றைக்கு ஒரே மூச்சு: "ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்! எனக்க மருமவனுக்கு!"

மேசையில் பிரம்பு விழுந்தது.

"என்னவே தங்கையரே, இது நியாயமா?" என்று முத்துநாயகம் குதித்தான்.

"அடுத்தது பூசணிக்கா!" என்றார் மாமனார்.

நான் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியது. எறும்பு கடித்தது என்று ராஜபாயிடம் சொன்னேன். எறும்பும் கடித்ததுதான்.

அக்டோபர் 25

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே நின்று, தெருவே கேட்கும்படி ஒரு சத்தம்: "மருமவனே!"

வாய் கொப்பளிக்காமலே ஓடினேன். மாமனார்தான். கையில் காலி பாட்டில். நல்ல தேனாம், தீர்ந்துவிட்டதாம். பெட்டிக்குள் இன்னும் ஏதாவது கண்டென்சர் கெட்டுக் கிடக்கிறதா என்று கேட்கிறார்.

நாலைந்து கெட்டுக் கிடக்கிறது மாமா என்று சொல்லிவிட்டேன்.