முன்வாசல் படியில் நடந்தது

லெக்சிங்டன், கென்டக்கி
13 மார்ச் 1867

அன்புள்ள லவீனியாம்மாவுக்கு,

கெசியா எழுதுகிறேன். நீங்களும் குழந்தைகளும் சுகம்தானே? இங்கே சர்ச்சுக்காரர்கள் எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடுகிறேன். தூக்கம்தான் வரவில்லை.

ஆண்டர்சனைப் புதைத்து ஒன்பது நாளாகிறது. டெக்சாஸில் பட்டாளம் கலைந்ததும் அந்த நீலச் சிப்பாய்க் கோட்டோடு நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். "முன்வாசல்ல ஏறுற அளவுக்கு வந்துட்டியாடா?" என்றார் உங்கள் அண்ணன். "என் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போக வந்தேங்கய்யா" என்று இவர் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் உங்கள் அண்ணன் சுட்டுவிட்டார்.

நேற்று கோர்ட்டுக்குப் போனேன். வாயைத் திறந்ததுமே நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். "வெள்ளக்காரர் மேல கறுப்பு ஆளுங்க சாட்சி சொல்ல நம்ம சட்டத்துல இடமில்ல. வெள்ளக்காரங்க யாராவது பாத்தாங்களா?" இனி அடிமை இல்லை என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதே, அப்படியானால் நான் யார்?

நீங்கள் மாடி ஜன்னலில் நின்றீர்கள். நான் பார்த்தேன். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் அம்மா.

உங்கள்
கெசியா

*

செடார் ஹில் பண்ணை
18 மார்ச் 1867

என் அருமை கெசியா,

நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. புதிதாக வந்தவளுக்குச் சோள ரொட்டி சுடக்கூடத் தெரியவில்லை. சின்னவள் உன்னைக் கேட்டு அழுகிறாள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாயே என்று எனக்கு வருத்தம்தான்.

அன்றைக்கு எனக்குத் தலைவலி. ஜன்னல் பக்கமே நான் வரவில்லை. அண்ணனும் பாவம், சாப்பாடு இறங்காமல் தவிக்கிறார். நடந்தது நடந்துவிட்டது. ஈஸ்டருக்குள் வந்துவிடு. உன் அறை அப்படியே இருக்கிறது.

இதைப் பற்றி இனி எழுதாதே. இதற்காகவா உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன்?

என்றும் உன்மேல் பாசமுள்ள
லவீனியா

*

லூயிவில்
9 மே 1867

திருமதி லவீனியா ஹார்க்னெஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன். சோள ரொட்டி இருக்கிறது, தலைவலி இருக்கிறது. ஆண்டர்சன் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

ஜன்னல் பக்கமே வரவில்லை என்கிறீர்கள். "அண்ணா, வேண்டாம்!" என்று மேலேயிருந்து கத்தியது யார்?

லெக்சிங்டனில் இருந்தது மாநிலக் கோர்ட்; இங்கே இருப்பது மத்திய அரசின் கோர்ட். போன வருஷம் வந்த சட்டப்படி இந்த நாட்டில் பிறந்த நானும் குடிமகள், என் சாட்சியும் செல்லும் என்றார்கள். நேற்று கூண்டில் ஏறினேன்.

"முழுப் பேரு சொல்லும்மா" என்றார் குமாஸ்தா.

"கெசியா பர்டெட். ஆண்டர்சன் பர்டெட்டோட சம்சாரம்."

அப்படியே எழுதிக்கொண்டார். உங்கள் அண்ணனின் வக்கீல் துள்ளி எழுந்தார். "உக்காருங்க, அவங்க பேசட்டும்" என்றார் நீதிபதி. எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கத்தியதையும் சொன்னேன்.

இந்த வாரம் உங்களுக்குச் சம்மன் வரும். சத்தியம் செய்துவிட்டு என்ன சொல்வீர்களோ, தெரியாது. நான் எதிரே உட்கார்ந்திருப்பேன்.

கெசியா பர்டெட்